எண்ணெய் ஊற்றிப் பார்த்து எடுத்த தரை

இஞ்சாருங்கோ,

உங்களைக் கூப்பிட எனக்கு இந்த ஒரு சொல்தான் தெரியும். கலியாணம் கட்டிய நாள் முதல் உங்கள் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டு எத்தனை பேரோடு இருந்தாலும், இந்தச் சொல்லுக்கு நீங்கள் மட்டும்தான் நிமிர்ந்து பார்ப்பீர்கள். இப்போதும் சில வேளை வாய் தவறி வந்துவிடுகிறது. வந்த பிறகு என்ன செய்வது? பேசாமல் அடுப்படிக்குத் திரும்பிப் போகிறேன்.

உங்கள் ஆட்டைத்திவசம் வருகிறது, நீங்கள் போய் ஒரு வருசம். வருகிற சனத்துக்குக் கொடுக்கச் சின்னதாய் ஒரு புத்தகம் அடிப்போம் என்று எங்கள் மகன் சுதன் கனடாவிலிருந்து சொன்னான். முன்னுக்கு உங்கள் படம், பிறகு தேவாரம், அதற்குப் பிறகு என்னுடைய கடிதம் ஒன்று வேண்டுமாம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், படித்த யாரையாவது கேள் என்றேன்.

"நீங்களே எழுதுங்கோ அம்மா. மற்றாக்கள் எழுதினால் அது அப்பாவுக்கு எழுதினமாதிரி இராது" என்றான்.

அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் வாசிக்கிறவர்கள் பொறுக்க வேண்டும். நீங்கள் எப்படியும் பொறுப்பீர்கள்.

பெரிய செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஆசை ஆசையாகப் போட்ட குளியலறைத் தரையை உடைத்துவிட்டோம். கோபிக்க வேண்டாம். உங்கள் அக்காவை இந்த வீட்டில் வைத்திருக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இதை வாசிக்கிற எல்லோருக்கும் எங்கள் வீட்டுக் கதை தெரியாது. அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் திரும்பச் சொல்கிறேன், கேட்டுக்கொண்டிருங்கள்.

நீங்கள் சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் வைத்து முழுகுகிறவர். உச்சியில் தொடங்கி உள்ளங்கால் வரைக்கும் நல்லெண்ணெய் தேய்ப்பீர்கள். உள்ளங்காலில் எண்ணெய் வைத்தால்தான் கண் குளிரும், கடல் வெயிலில் எரிந்த கண் என்பீர்கள். கொல்லையில் வெயில் காய்ந்துவிட்டுக் கிணற்றடிக்குப் போவீர்கள். அங்கே சொரசொரத்த சீமெந்து. நான் அறிய ஒருநாளும் வழுக்கியதில்லை.

பிறகு சுதன் பெண்சாதி பிள்ளைகளோடு வரப்போகிறேன் என்றான். அந்தப் பிள்ளைகள் வெளியில் நின்று குளித்துப் பழகாததுகள், உள்ளுக்குள் மேலிருந்து தண்ணீர் கொட்டுகிற சவர் ஒன்று இருந்தால் நல்லது என்று கேட்டான். அவ்வளவுதான் அவன் கேட்டது. நீங்களோ புதுமாப்பிள்ளை மாதிரிப் புறப்பட்டுவிட்டீர்கள். தரைக்குப் போடுகிற கல்லை நீங்களே போய்த் தெரிந்தெடுத்தீர்கள். கடைக்காரர்கள் டைல்ஸ் என்கிறார்கள், நாங்கள் மாபிள் என்கிறோம். வெள்ளை வெளேரென்ற மாபிள், குனிந்தால் முகம் தெரியும். தெருவால் போன சனத்தையெல்லாம் கூப்பிட்டு, "வந்து பாருங்கோ, கொழும்பு ஹோட்டல் மாதிரி" என்று காட்டினீர்கள். பார்க்க வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, பயந்து பயந்து கால் வைத்தார்கள். அப்போது எல்லோரும் சிரித்தோம்.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் போட்டில், முன்பக்கத்து அணியத்துப் பலகைக்குப் பெயின்ற் அடித்து அது காய முன்னம் மணல் தூவி விடுகிறவர் நீங்கள். ஈரக்கால் பிடிக்க வேணும் என்பீர்கள். மற்றப் போட்டுக்காரர்கள் உங்களைப் பார்த்துத்தான் அதைச் செய்தார்கள். அலையில் ஆடுகிற பலகைக்கு மணல் போட்ட மனிசர், ஆடாத வீட்டுத் தரைக்கு ஏன் கண்ணாடி கேட்டீர்கள்? விருந்தாளிகள் போட்டுக்கு வரமாட்டார்கள், வீட்டுக்குத்தான் வருவார்கள் என்றா?

சுதன் ஆட்கள் வந்தார்கள், நின்றார்கள், போனார்கள். அதற்குப் பிறகும் நீங்கள் கிணற்றடிக்குத் திரும்பவில்லை. அந்தச் சனிக்கிழமையும் உள்ளங்காலில் எண்ணெயோடு உள்ளே போனீர்கள். சத்தம் எனக்கு அடுப்படியில் கேட்டது. அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

இடுப்பெலும்பு. ஆசுபத்திரி. பிறகு நெஞ்சில் சளி. கட்டிலில் கிடந்துகொண்டு நீங்கள் சொன்னது என்ன தெரியுமா? "மாபிளைக் குறை சொல்லாதை. அது நல்ல மாபிள். என்ரை கால்தான் சரியில்லை." சாகப்போகிற நேரத்திலும் அந்தக் கல்லுக்குப் பரிந்து கதைத்தீர்கள். எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் முழுக்கப் போகவில்லை.

உங்களைக் கொண்டுபோன பிறகு அந்த அறைக் கதவைச் சாத்தியதுதான். நானும் உங்கள் அக்காவும், அதுதான் என் மச்சாளும், கிணற்றடியிலேயே அள்ளி வார்த்துக்கொண்டோம். கலியாணம் கட்டாமல் உங்களைத் தூக்கி வளர்த்தவர். "அந்த அறைக்குள்ளை நான் இனி உயிரோடை போகமாட்டன்" என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டார். எனக்கும் போக மனமில்லை. வெயில் காலம் முழுக்க ஒரு மாதிரிப் போனது.

மாரி தொடங்கியதும் கிணற்றடி பாசி பிடித்தது. நான் தும்புத்தடியால் உரஞ்சுவேன், இரண்டு நாளில் திரும்பவும் பச்சை. ஒருநாள் காலமை மச்சாள் வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பினார், கால் சறுக்கி முழங்காலில் விழுந்தார். உடையவில்லை. ஆனால் அடுத்த வீட்டுக் கமலா வேலிக்கு மேலால் பார்த்துவிட்டாள். நான் மச்சாளைத் தூக்கி நிமிர்த்த முன்னம் கனடாவுக்குச் செய்தி போய்விட்டது.

சுதன் உடனே எடுத்தான், மச்சாள் அவனுக்கு மாமி. போன் சத்தமாக வைத்திருந்தேன், எனக்கு அதைக் குறைக்கத் தெரியாது.

"அம்மா, இனி உந்த வீடு சரிவராது. மாமியை ஒரு நல்ல வயோதிபர் ஹோமிலை விடுவம், நான் விசாரிச்சிட்டன். நீங்கள் இஞ்சை வாங்கோ. இனி ஒருத்தர் விழுந்து அதை நான் போனிலை கேக்கேலாது."

மச்சாள் பக்கத்தில் இருந்து முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். பின்னேரம் பார்த்தால், சீலைகளை மடித்து ஒரு பையில் வைத்துக் கட்டில் காலடியில் வைத்திருக்கிறார். நான் எடுத்து அலுமாரியில் வைத்தேன். காலமை திரும்பப் பையில் இருந்தது. நாலைந்து நாள் இப்படியே, நான் எடுப்பதும் அவர் வைப்பதும்.

எனக்குக் களைப்பாக இருந்தது. உண்மையாய் அவன் சொன்னமாதிரியே விட்டுவிடுவோமா என்றுகூட இருந்தது. ஆனால் மச்சாளைக் கொண்டுபோய் எங்கோ ஒரு கட்டிலில் இருத்திவிட்டு, நான் பிளேனில் ஏறி எங்கே பார்ப்பது? உங்கள் முகத்தை எப்படி நினைப்பது? சுதனுக்குத் திரும்ப எடுத்தேன்.

"தரையை மாத்தினால்?" என்று கேட்டேன்.

"மாத்தி?"

"மாத்தினாப் பிறகு மாமி விழாமல் தானாய் முழுகினால்?"

"மாமி அந்த அறைக்குள்ளை போகமாட்டன் எண்டெல்லோ நிக்கிறா" என்றான். பிறகு, "சரி. திவசத்துக்கு நான் வாறதுக்கிடையிலை மாமி அதுக்குள்ளை முழுகட்டும். பேந்து கதைப்பம். இல்லாட்டி ஹோம்தான் அம்மா. நான் விளையாட்டுக்குச் சொல்லேல்லை" என்றான்.

பிள்ளையைக் குறை சொல்லவில்லை. அவனும் தகப்பனைத் தொலைத்தவன்தான்.

முதலில் அவன் ஒரு ரப்பர் பாய் போட்டுப் பார்க்கச் சொன்னான், படமும் அனுப்பினான். மச்சாள் போனைக் கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பார்த்தார். "பாய்க்குக் கீழை எண்ணெய் போனால், பாயோடையே போகலாம். வள்ளம் தேவையில்லை" என்றார். பையில் சீலை கட்டினவர் வாயில் வந்த முதல் பகிடி அது. எனக்கு நெஞ்சுக்குள் கொஞ்சம் இளகியது.

கமலா வந்து வேறொரு கதை சொன்னாள். "செத்தவீடு நடந்து ஆண்டு முடிய முன்னம் வீட்டிலை உடைப்பு, கட்டு ஒண்டும் செய்யக்கூடாதெல்லே அக்கா?"

மச்சாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நல்ல காரியந்தானே கூடாது? பாத்ரூம் உடைக்கிறது நல்ல காரியமோடி?"

அதோடு அந்தப் பிரச்சினை முடிந்தது.

நானும் மச்சாளும் ஓட்டோ பிடித்து நெல்லியடியில் மாபிள் கடைக்குப் போனோம். வீட்டை விட்டு வெளிக்கிட்டுக் கனகாலம், வெளிச்சம் கண்ணில் குத்தியது. மச்சாள் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். உள்ளே என்ன என்று நான் கேட்கவில்லை.

கடை முதலாளி நல்ல மனிசர். கதிரை போட்டார், சோடா உடைத்துத் தந்தார். வழுக்காத மாபிள் வேண்டும் என்றேன். ஒன்றை எடுத்துக் கீழே வைத்து, போத்தல் தண்ணீரை ஊற்றி, சப்பாத்துக் காலால் தேய்த்துக் காட்டினார்.

"பாருங்கோ அம்மா, அசையுதோ? வெளிநாட்டு ஆக்கள் எல்லாரும் இதைத்தான் கேக்கினம்."

மச்சாள் கேட்டார், "தம்பி, உங்கடை வீட்டிலை சப்பாத்தோடையோ குளிக்கிறனீங்கள்?"

முதலாளி சிரித்துவிட்டார். மச்சாள் சிரிக்கவில்லை. கைப்பையைத் திறந்து ஒரு சின்னப் போத்தல் நல்லெண்ணெயும், கடதாசியில் சுற்றிய, எண்ணெய் போகத் தேய்க்கிற அரப்பும் எடுத்தார்.

"என்னணை, சமைக்கப் போறியளோ?" என்று கேட்டார் முதலாளி.

"ஓம், உம்மைத்தான்" என்றார் மச்சாள். பிறகு குரல் மாறியது. "தம்பி, தண்ணியிலை ஆர் விழுந்தது? என்ரை தம்பி எண்ணெயிலையெல்லோ விழுந்தவன். நாங்கள் எண்ணெய் வைச்சு முழுகிற சனம். எண்ணெய் ஊத்திக் காட்டும்."

கடையில் நின்ற சனம் எல்லாம் திரும்பிப் பார்த்தது. எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. முதலாளி ஒரு பழைய துணி எடுத்துக்கொண்டு வந்து மச்சாளின் காலடியில் குந்தி இருந்துவிட்டார். ஒவ்வொரு மாபிளாக எடுத்துவைத்தார்கள். மச்சாள் எண்ணெய் விட்டு, அரப்பைக் கரைத்து ஊற்றி, கதிரையில் இருந்தபடியே வெறுங்காலை வைத்து அமத்தி அரைப்பார். என் தோளைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றும் பார்ப்பார். முதலாளி முதலில் காட்டியது தண்ணீருக்கு நின்றது, எண்ணெய்க்கு ஓடியது. இன்னொன்று அசையவே இல்லை, ஆனால் அரத்தைப்போல் மச்சாளின் குதிக்காலை உரித்துவிட்டது. வயது போன தோல், கடதாசிபோல். அந்தக் கல்லில் அழுக்கும் அடையும், உரஞ்சி எடுக்க எனக்கும் முதுகு இல்லை.

கடைசியில் மச்சாளின் கால் ஒரு இடத்தில் நின்றது. சின்னச் சின்னச் சதுரம், உள்ளங்கையில் பாதி அளவு, மினுக்கம் இல்லாதது. கல்லுக்குக் கல் நடுவில் கோடு வருவதால் கால்விரல் அதில் பிடிக்கிறது. எண்ணெயும் அந்தக் கோட்டுக்குள் இறங்கிவிடுகிறது. மச்சாள் விரலை மடித்து மடித்துப் பார்த்தார்.

"இது பிடிக்குது பூமணி."

நிறம் கேட்டார்கள். நான் பேசாமல் வெள்ளைப் பக்கம் பார்த்தேன். உங்களுக்கு அதுதானே விருப்பம். மச்சாளின் கண்ணில் படலம், வெள்ளைச் சுவரும் வெள்ளைத் தரையும் அவருக்கு ஒன்றாகத்தான் தெரியும், எங்கே தரை முடிகிறது என்று விளங்காது. அதனால் கருஞ்சாம்பல் எடுத்தோம். மழை வரப்போகிற கடல் நிறம். மன்னித்துக்கொள்ளுங்கள்.

மேசன் தவம் வந்தான். உங்கள் பழைய மாபிளுக்கு மேலேயே பசை வைத்து ஒட்டிவிடலாம், கெதியாய் முடியும் என்றான். நான் ஓம் என்று சொல்லப் போனேன், எனக்குக் கெதியாய் முடிந்தால் போதும். மச்சாள் அறை வாசலில் நின்றுகொண்டு, உள்ளே கால் வைக்காமல், கைத்தடியை நீட்டித் தரையில் தட்டினார். ஒரு இடத்தில் டக் என்றது. பக்கத்தில் பறைபோல் அதிர்ந்தது.

"தம்பி, உதுக்குக் கீழை ஒண்டும் இல்லைப்போலை கிடக்கு."

தவம் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "மூலைக்கு மூலை சீமெந்து உருண்டை வைச்சு ஒட்டியிருக்கினம் அம்மா. நடுவிலை வெறும் காத்து. உடைக்கத்தான் வேணும். மேலை வைச்சால் தரை வாசல்படிக்கு உயரும், தண்ணி வீட்டுக்குள்ளை வரும்."

அதுதான் உடைத்தோம். முதல் அடி விழுந்தபோது நான் கிணற்றடிக்குப் போய் நின்றேன். உங்கள் கல், நீங்கள் தடவித் தடவித் தெரிந்தெடுத்த கல். கீழே மண் ஈரமாய், ஊறி, கறுத்துப்போய்க் கிடந்ததாம். எங்கள் உப்புக்காற்றும் கிணற்றின் உவர்த்தண்ணியும் சேர்ந்து, ஒட்டின சீமெந்தைப் பொருக்குப் பொருக்காய்த் தின்றுவிட்டிருந்தது. நீங்கள் விழாமல் இருந்திருந்தாலும் அது கனகாலம் நின்றிருக்காது என்று தவம் சொன்னான். ஆறுதலுக்குச் சொன்னானா, உண்மையா? எனக்குத் தெரியவில்லை.

உடைந்த மாபிளைக் குப்பையில் போட மனம் வரவில்லை. எங்கள் வீட்டுக்கு வருகிற ஒழுங்கையில் மழைக்கு வெள்ளம் நிற்கிற பள்ளம் இருக்கிறதல்லவா, அதில் தவம் பரப்பிவிட்டான். மினுக்கத்தைக் கீழே போட்டு, சொரசொரப்பான பின்பக்கம் மேலே. இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் சேறு படாமல் அதில் மிதித்துப் போகிறார்கள்.

பிறகு நடந்த வேலையைச் சுருக்கமாய்ச் சொல்கிறேன், நீங்கள் என்றால் ஒவ்வொன்றையும் கேட்பீர்கள். தரையைக் கொத்தி இறுக்கிச் சீமெந்து போட்டு, தண்ணீர் ஓடுகிற குழிப்பக்கம் வாட்டம் விட்டான். வாட்டம் கூடினாலும் கால் சரியும் என்று மச்சாள் பின்னால் நின்று கத்திக்கொண்டிருந்தார். தண்ணீர் இறங்காமல் இருக்க ரப்பர் பால்போல் ஒன்றைப் பூசினான், சுவரிலும் ஒரு முழம் ஏற்றிப் பூசினான். பிறகு ஓட்டையை அடைத்துத் தண்ணீர் கட்டி விட்டான், ஒழுகுதா பார்க்க. அடுத்த நாள் அந்தத் தண்ணீர் அப்படியே நின்றது. உள்ளே எட்டிப் பார்த்தபோது வானம் தெரிந்தது, யன்னலால் விழுந்த வானம்.

மாபிளை இந்த முறை உருண்டை வைத்து ஒட்டவில்லை. பல்லு வைத்த தகட்டால் பசையை முழுக்க இழுத்து, இடைவெளி இல்லாமல் பதித்தான். கோடுகளுக்கு உப்பு தின்னாத பசை. மூலையில் குந்தியிருந்து முழுகச் சீமெந்தில் ஒரு இருக்கை கட்டுவித்தேன். சுவரில் கைபிடி. இரும்பு எங்கள் காற்றுக்கு ஒரு மாரி தாங்காது, அதனால் துருப்பிடியாததுதான். அதைப் பூட்டி முடித்துவிட்டுத் தவம், "நான் தொங்கிக் காட்டட்டோ?" என்றான். மச்சாள் அவனுடைய வயிற்றைப் பார்த்துவிட்டு, "நீ தொங்கினால் வீடெல்லோ வரும்" என்றார். அவன் தொங்கினான். வீடு வரவில்லை.

காயும்வரை ஒருவரும் கால் வைக்கக்கூடாது என்றான் தவம். அது காய்ந்தது. காய்ந்து முடிந்தும் கனநாள் ஆனது. நாங்கள் பெண்கள் எண்ணெய் வைத்து முழுகுகிற வெள்ளிக்கிழமைகள் வந்து போயின. மச்சாள் வாசலுக்கு வருவார், பார்ப்பார், "இன்னும் காயேல்லைப்போலை" என்பார், போய்விடுவார். கால் அந்தப் படியைத் தாண்டவில்லை. கட்டில் காலடியில் பை அப்படியே இருந்தது. சுதன் கனடாவில் டிக்கெட் போட்டுவிட்டான்.

நான் களைத்துப்போய் ஒருநாள் சண்டை பிடித்தேன். பிடிக்கக்கூடாது, உங்கள் அக்கா, ஆனால் பிடித்தேன். "போறதெண்டால் போங்கோ மச்சாள். ஹோமிலையும் பாத்ரூம்தான் இருக்கும். அங்கை ஆர் உங்களுக்கு எண்ணெய் ஊத்திப் பாத்து மாபிள் வைச்சிருக்கினம்?"

மச்சாள் போய்க் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். உங்களைப் போலத்தான், வாய் பெரிது, குத்தினால் மூடிவிடும்.

போன வெள்ளிக்கிழமை காலமை நான் முற்றம் கூட்டிக்கொண்டு நின்றேன். நல்லெண்ணெய் மணந்தது. திரும்பிப் பார்த்தால் மச்சாள் தலை, தோள், கை எல்லாம் மினுங்க, குறுக்குக்கட்டோடு வெயிலில் இருக்கிறார். உள்ளங்காலிலும் எண்ணெய்.

"காலுக்கு ஏன் வைச்சனீங்கள்?" என்று கத்தினேன்.

"வைக்காமல் போய் முழுகினால் உதென்ன சோதினை?" என்றார். "அவன் போனமாதிரித்தான் நானும் போவன். பிடி என்ரை கையை. வாசல் வரைக்கும் போதும்."

படியில் நின்றுகொண்டு மச்சாள், "தம்பி, நான் வாறன்ரா" என்றார். அது உங்களுக்குச் சொன்னது. எந்த மாதிரிச் சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை, பயந்துபோனேன். பிறகு கால் வைத்தார். விரலை மடித்தார். மற்றக் காலையும் வைத்தார். கைபிடியைப் பிடித்தார். "நீ போ" என்று என்னை அனுப்பிவிட்டுக் கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

நான் போகவில்லை. கதவடியில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் விழுகிற சத்தம், அரப்புக் கோப்பை வைக்கிற சத்தம். நடுவில் எந்தச் சத்தமும் இல்லாமல் கொஞ்ச நேரம். "மச்சாள்!" என்றேன்.

"உயிரோடை இருக்கிறன். முதுகு எட்டேல்லை, வாறியோ?"

உள்ளே போய் முதுகு தேய்த்துவிட்டேன். அந்த நேரம் பார்த்துச் சுதன் எடுத்தான். ஈரக்கையோடு போனைப் பிடித்து, படம் காட்டாமல் சத்தத்தை மட்டும் விட்டேன்.

"அம்மா, என்ன தண்ணிச் சத்தம்? மழையோ?"

"மாமி முழுகிறா."

மச்சாள் இருக்கையில் இருந்துகொண்டு கத்தினார். "டேய் சுதன்! நான் சாவன், அது சாவன். ஆனால் உந்த மாபிளிலை விழுந்து சாகமாட்டன். எனக்குச் சாக வேறை ஏதும் நோய் வருத்தம் பாத்து வை!"

போனுக்குள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "மாமி, நான் சவர் கேட்டிருக்காட்டி அப்பா கிணத்தடியிலைதானே முழுகியிருப்பார்" என்றான். ஒரு வருசமாய் இதைத்தான் அவன் உள்ளே வைத்துக்கொண்டு எங்களை வீட்டை விட்டு எழுப்பப் பார்த்திருக்கிறான். தாய் எனக்கு அது விளங்கவில்லை.

மச்சாள் முகத்து அரப்பை வழித்துவிட்டார். "மோனை, நீ சவர் கேட்டாய். வழுக்கச் சொல்லிக் கேட்டனியே?"

அவன் கனநேரம் அழுதான். நாங்கள் இருவரும் தண்ணீரை நிற்பாட்டிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம். பிறகு, "சரி மாமி. ஹோமுக்கு வரேல்லையெண்டு சொல்லிவிடுறன்" என்றான். "அம்மா, நீங்களும் விருப்பமில்லாட்டி வரவேண்டாம்."

"எனக்கு விருப்பமில்லை" என்றேன். அவ்வளவு இலகுவாய் அது வாயில் வரும் என்று நினைத்திருக்கவில்லை.

மச்சாள் தலை துவட்டிக்கொண்டு போன பிறகு, மிச்ச எண்ணெயை நான் வைத்தேன். நீங்கள் போன பிறகு நான் எண்ணெய் தொடவில்லை. அந்த அறைக்குள் முதல் முறையாய் நின்று, உங்கள் சவரைத் திறந்தேன். நீங்கள் விழுந்த இடம் எது என்று தெரியாதபடி தரை மாறிவிட்டது. அது நல்லதா கெட்டதா? காலுக்குக் கீழே சின்னச் சின்னக் கல், ஒவ்வொன்றாய்த் தெரிந்தது. அழுதாயா என்று கேட்காதீர்கள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

சுதன் வருகிறான். திவசத்தன்று காலமை அவன் அந்த அறையில்தான் தலைமுழுகிவிட்டு வந்து உங்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்வான். அவன் உள்ளே நிற்கும்வரை நான் கதவடியில் நிற்பேன், யார் சிரித்தாலும் பரவாயில்லை. ஈரத்தலையோடு தன் காலில் நடந்து வெளியே வருவதைக் கண்ணால் பார்ப்பேன். அதற்குப் பிறகு இந்த வீட்டில் யார் குளித்தாலும் காது கொடுத்துக்கொண்டு நிற்கமாட்டேன். போய்ப் பாயைப் போட்டு நித்திரை கொள்வேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

உங்கள் அக்காவோடு இங்கேயே இருக்கும்
உங்கள் மனுசி,
பூமணி